சான்றிதழோடு நின்றுவிடும் சோதனை

ஐயா,

மருந்தாளுநர் இல்லாமல் இயங்கும் மருந்துக் கடைகள் பற்றித் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் வந்த செய்தியைப் படித்தேன். பதிவு பெற்ற மருந்தாளுநரே மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்க வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு. ஆனால், ஆள் இருக்கிறாரா என்பதைவிட, இருப்பவர் என்ன செய்கிறார் என்பதே முக்கியம். குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் பவுடர் சிரப்பையே எடுத்துக்கொள்வோம். புட்டியைத் தட்டிப் பவுடரை உதிர்த்து, கொதித்து ஆறிய நீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு புட்டியில் குறித்த கோடு வரை நிரப்பி மீண்டும் குலுக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் பவுடர் அடியில் கட்டிபட்டுவிடும். முதல் வேளைகளில் மருந்து குறைவாகவும் கடைசியில் கூடுதலாகவும் போகும். சுடுநீரோ மருந்தையே கெடுக்கும். கலக்கிய அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் சிரப்புக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் 7 நாள்தான் ஆயுள். அம்பாசமுத்திரம், களக்காடு பக்கம் நான் பார்த்த பல கடைகளில் புட்டி அப்படியே கைமாறுகிறது. “தண்ணி ஊத்திக் குலுக்கிக் குடுங்க” என்பதோடு சரி. வீட்டுக் கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை, 5 மி.லி. அளவு மூடியைக் காட்டவும் ஆளில்லை.

டி.பார்ம். என்ற மருந்தாளுநர் பட்டயப் படிப்பு முடித்தவர் பதிவு பெற 500 மணி நேர நேரடிப் பயிற்சி கட்டாயம். அது பெட்டி அடுக்குவதில் கழியாமல், மருந்து கலக்குதல், அளவு விளக்குதல் ஆகியவற்றைப் பயிற்சிக் குறிப்பேட்டில் தனித்தனியே பதிந்து கையொப்பம் பெறச் செய்யலாம். சோதனைக்கு வரும் மருந்து ஆய்வாளரும் சுவரில் தொங்கும் சான்றிதழோடு நிற்காமல், ஒரு புட்டியைக் கலக்கிக் காட்டச் சொல்லட்டும்.

– வாசகர், பாளையங்கோட்டை