மணியின் வயிற்றைக் காத்தவர்களுக்கு

நங்கநல்லூர் அக்கம்பக்கத்தாருக்கும், வேப்பேரி மருத்துவர்களுக்கும், பெயர் கேட்டுக்கொள்ளாமல் விட்டுப்போன சிலருக்கும் வணக்கம்.

மணிக்கு வயிறு சரியாகிவிட்டது. நேற்றுக் காலை மணல் தட்டில் ஏறி, முக்காமல் முனகாமல் வேலையை முடித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, எதுவுமே நடவாததுபோல் சாப்பாட்டுக் கிண்ணத்தின் முன் வந்து உட்கார்ந்தான். இதற்கா ஒரு நன்றி மடல் என்று கேட்பவர்கள் வயதான பூனையை வளர்த்திருக்க மாட்டார்கள்.

அவனுக்கு 13 வயது. வளர்த்த பாட்டி மகளோடு வெளியூர் போய்விட்டதால் எங்களிடம் வந்த கடுவன். வந்த கையோடு மலச்சிக்கல். தட்டில் ஏறுவான், முதுகை வளைத்து முக்குவான், நுரை நுரையாக வாந்தி எடுப்பான், கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

பாட்டியின் மகளுக்கு முதல் நன்றி. மணி என்ன தின்று பழகினான் என்று பொறுமையாகச் சொன்னதோடு, அவன் தண்ணீர் குடிக்கும் பழைய எவர்சில்வர் பேசினையும் பஸ் பார்சலில் அனுப்பி வைத்தார். எங்கள் வீட்டுப் பீங்கான் கிண்ணத்தை முகர்ந்துகூடப் பார்க்காதவன், ஒடுங்கிப்போன அந்தப் பேசினில் சத்தம் கேட்கக் குடித்தான்.

அடுத்து மருந்துக்கடைக்காரர். எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் எனிமா வாங்கப் போனார். “யாருக்கு?” என்று கேட்டவர், பூனைக்கு என்றதும், எடுத்த பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். மனிதர்களுக்கான பாஸ்பேட் எனிமா பூனையின் இரத்தத்தில் பாஸ்பேட்டை ஏற்றிக் கால்சியத்தை இறக்கி உயிரையே வாங்கிவிடும் என்று பிறகு மருத்துவர் விளக்கினார். வந்த வியாபாரத்தை விட்ட அந்தக் கடைக்கு எங்கள் வாடிக்கை என்றும் உண்டு.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. வயதானவர்களைக் கவனிக்க அதற்குத் தெரியாமலா இருக்கும்! இளம் மருத்துவர் முதலில் சிறுநீர்ப்பையைத்தான் அழுத்திப் பார்த்தார். கடுவன் முக்கினால் சிறுநீர் அடைப்பாகவும் இருக்கலாம், அப்படியானால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார். நல்லவேளை, அது இல்லை. எக்ஸ்ரேயில் பெருங்குடல் முழுக்கக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. சிறுநீரகம் தளர்ந்ததால் உடம்பின் தண்ணீர் சிறுநீராகவே போய்விடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்டக் குடல் மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. வயிற்றில் தெரிந்த கோளாறுக்கு மூலம் சிறுநீரகத்தில் இருந்தது. மயக்கம் கொடுத்து வெதுவெதுப்பான நீரால் குடலைச் சுத்தம் செய்து, மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பும் தோலுக்கடியில் ஏற்றும் சலைனும் எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டில் சலைன் ஏற்றியது மாடிவீட்டு அக்கா. ஓய்வுபெற்ற செவிலியர். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செருகிவிட்டு, “அவ்வளவுதான்டா ராஜா” என்பார். எங்கள் கையைப் பிராண்டுகிறவன் அவர் மடியில் அசையவே மாட்டான்.

பால், விளக்கெண்ணெய், திரிபலா என்று யோசனை சொன்ன உறவினர்களே, உங்கள் அன்புக்கு நன்றி, யோசனை மட்டும் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. பேதியானால் மிச்சமிருக்கும் தண்ணீரும் போய்விடும்.

மீன்காரம்மாவை எப்படி விடுவது? மணிக்கென்று கிழங்கான் எடுத்து வைத்து, “பத்தியக்காரனுக்கு இதுதான்” என்று நீட்டுவார். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முள்ளை எடுத்து, வெந்த நீரோடு கொடுத்தோம். மருத்துவர் சொன்ன, சிறுநீரகக் கோளாறுள்ள பூனைகளுக்கான உணவைப் பழைய உணவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றியது இந்த மீன் வாசத்தின் தயவில்தான்.

ஆட்டோ அண்ணனுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மாதம் இரத்தப் பரிசோதனைக்கு மறுபடி வேப்பேரி போக வேண்டும், உங்களைத்தான் கூப்பிடப் போகிறேன். இந்த முறை மீட்டருக்கு மேல் கொடுப்பதை மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். போன தடவை சீட்டைக் கழுவிய கூலியும் அதில் சேர்த்தி.