சௌவின் இரவில் ஆச்சிக்கு ஒரு நாற்காலி

அன்புள்ள கயலுக்கு,

இந்த வருஷம் சௌவினை, இறந்தவர்களை விருந்துக்கு அழைக்கும் நம் இரவை, அயர்லாந்தின் கால்வேயில், உன் அறையிலேயே தனியாகச் செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். ஆச்சி போன பிறகு வருகிற முதல் சௌவின். சடங்குக்கான காப்பு வட்டம் எப்படிப் போடுவது, எந்த வார்த்தை சொல்வது என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று மனதில் இருக்கட்டும்: இது ஒரு விருந்து. வருகிறவரை வாசலில் நின்று அழைக்கவேண்டும், உட்காரவைத்துப் பரிமாறவேண்டும், நேரமானதும் வாசல்வரை கூடப்போய் வழியனுப்பவேண்டும். அந்த மூன்றாவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

நாள் பற்றிக் குழப்பம் வேண்டாம். அக்டோபர் 31 சூரியன் மறைவதிலிருந்து நவம்பர் 1 சூரியன் மறையும்வரை. பழைய ஐரோப்பிய மக்களான கெல்டியர் நாளை இரவிலிருந்து எண்ணினார்கள், அதனால்தான் முந்தின சாயங்காலமே பண்டிகை தொடங்கிவிடுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளியிருப்பார்கள். ஐந்து மணி தாண்டியதுமே உங்கள் ஊரில் சூரியன் போய்விடும். நல்ல இருட்டுக்கு ஆறு, ஆறரை ஆகட்டும். மேற்கத்திய ஜோதிடக் கணக்கில் சூரியன் விருச்சிகத்தில் 15 பாகைக்கு வரும்வரை, அதாவது நவம்பர் 7 வாக்கில், காத்திருந்து செய்கிறவர்களும் உண்டு. தென் அரைக்கோளத்தில் இலையுதிர்காலம் ஏப்ரல் கடைசியில் இருப்பதால், ஆஸ்திரேலியாவில் பலர் அப்போது செய்கிறார்கள். உனக்கு 31 போதும்.

உன்னோடு தங்கியிருக்கும் ஐரிஷ் பெண் ஏதாவது கேட்டால் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். Samhain என்ற எழுத்தைப் பார்த்துச் 'சம்ஹைன்' என்று படிக்காதே, சௌவின்தான். அவளுக்கு அது நவம்பர் மாதத்தின் பெயர், பள்ளியிலேயே படித்திருப்பாள். நாம் செய்யும் விக்கா என்ற சூனிய வழிபாட்டு முறை மூவாயிரம் வருஷப் பழமை என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. பிரிட்டனில் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகுதான் ஜெரால்ட் கார்ட்னர் இதை வெளிப்படையாக எழுதினார். சௌவின் என்ற நாள் பழையது. அன்றைக்கு வேற்றுலகத்தின் வாசலான மண்மேடுகள் திறக்கும், வேற்றுலகத்தார் வெளியே வருவார்கள் என்று இடைக்கால ஐரிஷ் கதைகள் பேசுகின்றன. மீத் மாவட்டத்தில் ஆத்பாய் பக்கத்திலுள்ள ட்லாக்ட்கா குன்றில் அன்றிரவு பெருந்தீ மூட்டியதாகப் 17ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் எழுத்தாளர் ஜெஃப்ரி கீட்டிங் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் கிறிஸ்தவத்துக்கு முன்பே அது இறந்தோர் நாளாக இருந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பது வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டனின் முடிவு. இறந்தோரை நினைக்கும் வழக்கத்தில் பெரும்பங்கு நவம்பர் 1, 2 தேதிகளின் தேவாலயத் திருநாள்களிலிருந்து வந்தது. இதை ஒப்புக்கொள்வதால் நம் சடங்குக்கு ஒரு குறையும் இல்லை. பொய் வயது சொல்லி அதற்கு மரியாதை தேடவேண்டியதில்லை.

இனி வேலை. முதலில் ரொட்டி, ஏனென்றால் அதை 29ஆம் தேதி இரவே தொடங்கவேண்டும். பார்ம்பிராக் என்ற ஐரிஷ் பழ ரொட்டிக்கு உலர்திராட்சை இரண்டு வகையும் சேர்த்து 350 கிராம், பழுப்புச் சர்க்கரை 150 கிராம், கறுப்புத் தேநீர் 300 மில்லி. தேநீர் நல்ல கடுப்பாக இருக்கட்டும், மூன்று பை போடு. சூடாகவே பழத்தின்மேல் ஊற்றி, சர்க்கரையைக் கரைத்து, மூடி இரவு முழுக்க வை. காலையில் பழம் உப்பி, கிண்ணத்தின் அடியில் கொஞ்சம்தான் சாறு நிற்கும். அதில் அடித்த முட்டை ஒன்று, செல்ஃப் ரெய்சிங் மாவு 225 கிராம், மிக்ஸ்டு ஸ்பைஸ் ஒரு தேக்கரண்டி. மாவு மறைகிற அளவுக்குக் கிளறினால் போதும். அதற்குமேல் கிளறினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். 900 கிராம் ரொட்டி அச்சில் பேக்கிங் பேப்பர் போட்டு, 170 டிகிரியில் ஒரு மணி நேரம். குச்சி ஈரமாக வந்தால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிஷம். மேலே கருகத் தொடங்கினால் ஃபாயிலால் மூடு. ஊறவைக்கும் நேரத்தைக் குறைத்தால் காய்ந்த பழம் மாவின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ரொட்டி வறண்டுபோகும். தேநீர் ஆறுமுன் முட்டையை ஊற்றினால் அது திரிந்துவிடும். சூட்டோடு வெட்டினால் உதிரும். ஆறவைத்து ஃபாயிலில் சுற்றி ஒரு நாள் வைத்தால்தான் துண்டு ஒழுங்காக விழும்.

உள்ளே மோதிரம், நாணயம், பட்டாணி, துணித்துண்டு, குச்சி வைத்துச் சுடுவது அங்கத்திய வழக்கம். மோதிரம் கிடைத்தால் கல்யாணம், நாணயம் கிடைத்தால் பணம். நீ வைப்பதானால் மோதிரம் மட்டும் வை, பேக்கிங் பேப்பரில் பெரிதாகச் சுற்றி. சாப்பிடுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. பல்லோ தொண்டையோ பாடுபடக்கூடாது.

விளக்குக்குப் பூசணி வாங்காதே. அயர்லாந்தில் பழைய வழக்கம் டர்னிப் கிழங்குதான், கடையில் கிடைக்கும் மஞ்சள் சதையுள்ள பெரிய வகை. மேயோ மாவட்டத்தில் டர்லோவிலுள்ள கிராமிய வாழ்க்கை அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு பேய்முகத்தின் அச்சுப் பிரதி இருக்கிறது. ஒரு முறை அதைப் பார்த்துவிட்டால் பூசணிமேல் ஆசை வராது. சுருங்கி, பல் நீட்டி, வயதான முகம். பூசணி மாதிரி வெட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதே, இது கல். அடியைச் சமமாகச் சீவி அசையாமல் உட்காரவை. மேலே இரண்டு விரல் கனத்துக்கு மூடி வெட்டு. நடுவில் ஆப்பிள் நடுத்தண்டு எடுக்கும் கருவியால் பல குழிகள் போட்டுவிட்டு, இடையிலுள்ளதை உலோகக் கரண்டியால் சுரண்டு. கத்தியை உள்ளே விட்டு நெம்பாதே, வழுக்குவது அங்கேதான். சுவர் ஒரு சென்டிமீட்டர் கனம் வந்ததும் நிறுத்து. அதைவிடக் கனமானால் வெளிச்சம் ஊடுருவாது, மெலிந்தால் ஒரே நாளில் தொய்ந்துவிடும். ஒரு மணி நேர வேலை. இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும், ஆகவே 30ஆம் தேதிக்கு முன் தொடாதே. நிஜ மெழுகுவர்த்தி வைத்தால் மூடியின் உட்புறம் கருகி முட்டைக்கோஸ் வாடை அடிக்கும்; மூடியில் ஒரு துளை போடு, அல்லது பேட்டரி விளக்கு வை. வாடகை அறைக்குப் பேட்டரிதான் என் ஓட்டு. சுரண்டிய சதையை வீணாக்காமல் வேகவைத்து வெண்ணெயும் மிளகும் போட்டு மசித்துவிடு.

விருந்துக்குக் கோல்கேனன், அதாவது கீரை சேர்த்த உருளைக்கிழங்கு மசியல், போதும். உருளைக்கிழங்கு ஒரு கிலோ, கேல் கீரை 250 கிராம், பால் 150 மில்லி, வெண்ணெய் 100 கிராம். கிழங்கை வடித்த பிறகு அதே பாத்திரத்தில் ஒரு நிமிஷம் சூட்டில் வைத்து ஈரத்தை ஓட்டு, பாலைச் சூடாக்கி ஊற்று. குளிர்ந்த பால் ஊற்றினால் பசை மாதிரி ஆகும். நடுவில் குழி செய்து வெண்ணெயை அதில் உருகவிடு. ஸ்பிரிங் ஆனியன், அதுதான் வெங்காயத்தாள், போடாதே, காரணம் பின்னால் வருகிறது.

மேசையை அறையின் மேற்குப் பக்கம் போடு. மேற்கு நீரின் திசை. இறந்தவர்கள் போகும் திசையென்று நம்மில் பலர் கொள்கிறோம். கறுப்புத் துணி, ரோஸ்மேரி ஒரு கொத்து, மாதுளை ஒன்று, ஆப்பிள் இரண்டு. ஒரு ஆப்பிளைக் குறுக்கே வெட்டு. நெடுக்கே வெட்டினால் தெரியாத ஐந்து மூலை நட்சத்திரம் அப்போதுதான் தெரியும். ஆச்சியின் படம் நகலாக இருக்கட்டும், மூலப்படத்தைத் தீப்பக்கம் கொண்டுபோகாதே. உயிரோடு இருப்பவர் யாரும் அந்தப் படத்தில் இருக்கக்கூடாது, நீயோ நானோ கூட. கல்லறைத் தோட்டத்தில் யூ மரக்கிளை அழகாக இருக்கிறதென்று ஒடித்துக்கொண்டு வந்துவிடாதே. இலை, விதை, பட்டை எல்லாமே விஷம். உணவு மேசைக்கு ஆகாது, எரிக்கவும் கூடாது.

புகைக்கு மகவர்ட், நம் மாசிபத்திரியின் உறவு. கரித்துண்டில் போடாமல் ஊதுபத்தியாக வாங்கு. சாத்திய அறையில் கரி புகைந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். ஜன்னல் ஒரு கையளவு திறந்திருக்கட்டும். புகை அலாரத்தைத் துணியால் மூடுகிற வேலையைச் செய்யாதே. மெழுகுவர்த்திகளை மணல் நிரப்பிய தட்டில் நிறுத்து, திரைச்சீலையிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி.

இப்போது சடங்கு. வட்டம் போடுமுன் உணவு, தண்ணீர், தீப்பெட்டி, சைடர் என்ற ஆப்பிள் மது, பெயர்ப்பட்டியல் எல்லாம் உள்ளே வந்துவிட்டதா பார். சுற்றிவளைத்த பிறகுதான் தீப்பெட்டி ஞாபகம் வரும். அப்படி வந்தால் வட்டத்தின் வடகிழக்கில், கதவு திறப்பதுபோல் கையைக் காற்றில் அசைத்துத் திறந்து, போய்வந்து, மூடு. அதற்காக வெட்கப்பட வேண்டாம். பழைய அளவு ஒன்பது அடி விட்டம். உன் அறையில் கட்டில் குறுக்கே நிற்கும், நிற்கட்டும், கோடு அதன் வழியாகவே போகலாம். துடைப்பத்தால் பெருக்கி, உப்புநீர் தெளித்து, கடிகாரச் சுற்றில் நட. கிழக்கில் காற்று, தெற்கில் நெருப்பு, மேற்கில் நீர், வடக்கில் மண் என்று அந்த வரிசையில் அழை. பிறகு மூதாட்டி வடிவில் தேவியையும், குளிர்காலத்துக்குத் தலைவனான கொம்புடைய தேவனையும்.

அதன்பின் பெயர்கள். போன சௌவினுக்குப் பிறகு இறந்தவர்கள் முதலில், ஆகவே ஆச்சி. முழுப்பெயரைச் சொல், பிறகு நீ கூப்பிட்டபடி சொல். நான்கு திசைகளை ஆங்கிலத்தில் அழைத்தாலும் ஆச்சியிடம் தமிழில்தான் பேசவேண்டும். 'வா' என்று கட்டளை போடாதே, 'வர்றீங்களா ஆச்சி' என்று கேள். ஒரு பெயருக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று மூச்சு விடு.

பெயர் முடிந்ததும் மௌன விருந்து. இந்த இடத்திலிருந்து ஒரு வார்த்தை கூடாது. செல்போனை அணைத்து வெளியே வைத்திருப்பாய். காலி நாற்காலிக்கு முன் முதலில் பரிமாறு: கோல்கேனன் ஒரு கரண்டி, ஒரு துண்டு ரொட்டி, ஆப்பிளில் பாதி. ஆச்சிக்கு மட்டும் காபி, டம்ளரில், அவருக்குப் பிடித்த சூட்டில். நீ சாப்பிட்டு முடிவதற்குள் அது ஆறும், மேலே ஆடை படியும், ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் ஒட்டிக்கொள்ளும். எடுத்து மாற்றாதே. அழுகை வந்தால் அழு, மௌனம் அதனால் கலையாது. இருபது நிமிஷம் போதும், உட்கார முடிந்தால் அரை மணி. கறுப்புக் கிண்ணத்துத் தண்ணீரில் உற்றுப் பார்த்துக் குறி கேட்பதெல்லாம் இந்த வருஷம் வேண்டாம். துக்கம் பச்சையாக இருக்கும்போது எந்த நிழலும் அவர் முகமாகத்தான் தெரியும். தூக்கம் கெடும், அதோடு நிற்காது.

வழியனுப்பு. வரிசையைக் கவனி. முதலில் இறந்தவர்கள், பிறகு தேவனும் தேவியும், பிறகு வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு, கடைசியில் வட்டம். திசைகளை முதலில் விடுவித்துவிட்டால் விருந்தாளி உள்ளே இருக்கக் காவலை அனுப்பிவிட்டதாகிவிடும். பட்டியலைத் திரும்ப எடுத்து, எல்லாப் பெயரையும் மறுபடி சொல்லி, 'வந்ததற்கு நன்றி, போய்ட்டு வாங்க' என்று சொல். ஆச்சியின் பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்ள மனம் இழுக்கும்; சரி, வைத்துக்கொள். ஆனால் சொல். சொல்லாமல் வட்டத்தைக் கலைத்தால் வேலை முடியாதது போல ஒரு கனம் மறுநாள்வரை நெஞ்சில் உட்கார்ந்திருக்கும். சொல்லி முடித்ததும் அறைக்கதவைத் திறந்து ஒரு பக்கமாக ஒதுங்கி நில். பிறகு எதிர்ச்சுற்றில் நடந்து வட்டத்தைக் கலை. மெழுகுவர்த்திகளை அணைத்துவிட்டுத் தூங்கு. விடியவிடிய எரியவேண்டுமென்றால் ஜன்னலில் பேட்டரி டர்னிப் இருக்கிறதே, அது போதும்.

காலி நாற்காலித் தட்டிலுள்ளதை நீ சாப்பிடாதே. கோல்கேனனையும் ஆப்பிளையும் கொல்லைப்புற மரத்தடியில் ஒரு சாண் ஆழத்தில் புதை. ரொட்டியை வெளியே வைக்காதே. உலர்திராட்சை நாய்க்கு விஷம், வெங்காயமும் அப்படித்தான், பக்கத்து வீட்டு நாய் இரவில் தோண்டும். அதைக் காகிதத்தில் சுற்றி உணவுக் கழிவுக்கான பழுப்புத் தொட்டியில் போடு. சைடரில் ஒரு வாய், ஆச்சியின் காபி, இரண்டையும் வேரடியில் ஊற்று.

மிச்ச ரொட்டி நவம்பர் 1 காலையில் இன்னும் நன்றாக இருக்கும். கொஞ்சம் டோஸ்ட் செய்து, உப்பு வெண்ணெய் தடவி, அந்தப் பெண்ணுக்கும் ஒரு துண்டு கொடு. மோதிரம் யாருக்கு வந்ததென்று எழுது.

அம்மா