ஜீப்புக்கு டர்போ வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாகனப் பக்கத்தில், பழைய டீசல் ஜீப்பில் டிரெய்லர் கட்டி ஹைவேயில் போனால் மேட்டில் இழுக்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் எழுதியவர் டீசல் பம்ப்பைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், போதவில்லை என்றால் டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற கருவி) வையுங்கள், அதுவும் போதவில்லை என்றால் என்ஜினையே மாற்றிவிடுங்கள் என்று மூன்று வரியில் முடித்துவிட்டார். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த மூன்றில் முதலாவதைச் செய்து, இரண்டாவதற்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, காவேரிப்பட்டணம் தாண்டி ராத்திரி இரண்டு மணிக்கு நடுரோட்டில் நின்றவன் நான்.

என்னுடையது 1992 மாடல் மகிந்திரா எம்எம் 540. பெஜோ என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் டிசைனில் வந்த 2112 சிசி டீசல் என்ஜின், கம்பெனிக் கணக்கில் 62 குதிரைசக்தி, நாலு கியர். பெங்களூரு அல்சூரில் கல்யாணம், கோயில் விசேஷங்களுக்கு ஜெனரேட்டர் விடுவதுதான் தொழில். 15 கேவிஏ செட்டும் டிரெய்லரும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு டன் வரும். ஊருக்குள் ஒரு சிக்கலும் இல்லை. வருஷத்தில் ஒருமுறை ஆடித் திருவிழாவுக்கு ஓமலூர் பக்கம் எங்கள் ஊருக்கு அதை இழுத்துக்கொண்டு போவேன், திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் ஏற வேண்டும். பத்து வருஷம் மூன்றாவது கியரில் ஏறிய வண்டி திடீரென்று இரண்டாவதுக்கு இறங்கிவிட்டது, பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனிலேயே திட்டினார்கள்.

என்ஜினுக்கு வயசாகிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். ஜே.சி. ரோடு பக்கம் ஒரு ஷெட்டில் பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவை ஒன்றேகால் சுற்று திருப்பிக் கொடுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அன்று வண்டி பறந்தது. பின்னால் கரும்புகை மட்டும் கொஞ்சம், அதை அப்போது பவருக்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது காற்று போதாமல் பாதி வெந்து வெளியே போகிற டீசல். டீசலை மட்டும் கூட்டி காற்றைக் கூட்டாவிட்டால் சிலிண்டரில் சூடுதான் ஏறும், அந்தச் சூடு போய் உட்காருவது பிஸ்டன் தலையிலும், என்ஜினுக்கும் அதன் மூடிக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டிலும். இரண்டு மாதம் தாங்கியது. தொப்பூரை நல்லபடியாக ஏறியவன் சந்தோஷத்தில் டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்கவில்லை, அப்புறம் காவேரிப்பட்டணத்தில் ரேடியேட்டரிலிருந்து ஆவி.

வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் பாய் ஒருவரிடம் விட்டேன். ஹெட் வேலை முடிந்ததும், டர்போவும் வைத்துவிடலாமா பாய் என்று கேட்டேன். "பவர் வண்டியிலதான் இருக்கு தம்பி, ரோட்டுக்கு வரமாட்டேங்குது. அது எங்க போகுதுன்னு மொதல்ல தேடுவோம்" என்றார். தேடினோம். கேள்வி கேட்ட வாசகரும் இதே நிலையில் இருக்கும் எல்லோரும் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்.

முதலில் ஆக்ஸிலேட்டர். ஒருவரை பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி, பாய் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பெடல் தரையைத் தொட்டுவிட்டது, பம்ப் லீவர் மட்டும் இன்னும் முக்கால் விரக்கடை மிச்சம் வைத்து நிற்கிறது! ராடு தேய்ந்துபோய் எத்தனை வருஷமாக முழு டீசலே போகவில்லையோ. இதைப் பார்க்காமல்தான் ஸ்க்ரூவைத் திருகியிருக்கிறார்கள். அடுத்து சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில்கள், நாலில் இரண்டு தூவாமல் சொட்டின. ஏர் ஃபில்டரில் எண்ணெய் கூழாக இருந்தது. பின் வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. அதாவது கம்பெனி கொடுத்த குதிரைகளில் சிலதை நானே கொட்டகையில் கட்டிப்போட்டுவிட்டு, வெளியே புதுக் குதிரைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றவாளி டயர். என் மகன் ஆசைப்பட்டான் என்று இரண்டு வருஷத்துக்கு முன் 31 இன்ச் டயர் போட்டிருந்தேன். பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் பழைய டயர் 28 இன்ச் என்றால், இது பத்து சதவீதத்துக்கு மேல் உயரம், அத்தனையும் கியர் விகிதத்தில் கழிந்துவிடும். பழைய ஜீப் ஆக்ஸிலில் 5.38 விகிதம் இருந்தால் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்ற வேண்டும்), டயரை மாற்றிய அன்றே அது 4.86 போல நடந்துகொள்ளும், ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன்-பினியனையே மாற்றிவிட்ட மாதிரி. வேகமுள்ளும் பொய் சொல்லும். முள் 60 என்றால் நான் 66-இல் போயிருக்கிறேன். பழைய அளவு டயருக்குத் திரும்பினேன், மகன் ஒரு வாரம் பேசவில்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், பாய் சொன்னதை வைத்து நானே காகிதத்தில் போட்டது. ஜீப், ஆட்கள், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 2.4 டன். நூறு அடிக்கு ஐந்து அடி ஏறுகிற மேட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக சக்கரத்தில் ஏறக்குறைய 40 குதிரைசக்தி வேண்டும். அதே மேட்டில் 80-இல் போக 57. காற்றை முட்டித் தள்ளுவதற்கு மட்டும் 60-இல் ஆவதைப்போல 80-இல் இரண்டே கால் மடங்குக்கு மேல் ஆகும், நம் ஜீப் முகமோ அலமாரி மாதிரி நேராக நிற்கிறது. 62 குதிரையில் கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் தின்றது போக சக்கரத்துக்கு வருவது ஐம்பது சொச்சம். நம்ம பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், டர்போ இல்லாத என்ஜின் இங்கே கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கை இழந்துதான் ஓடுகிறது. ஆக, மேட்டில் 60 இந்த வண்டியால் முடியும், 80 முடியவே முடியாது. அந்த 20 கிலோமீட்டருக்காகத்தான் இத்தனை செலவும்.

டர்போவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உயரத்தில் இழந்ததை மீட்டுக் கொடுப்பது அதுதான். ஆனால் இந்தப் பழைய என்ஜின்களில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் காற்று எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பது, ஏற்கெனவே 20-க்கு மேல், அதில் இன்னும் காற்றைத் திணித்தால் கேஸ்கெட்டும் பிஸ்டனும் தாங்க வேண்டும், ரேடியேட்டரும் பெரிசாக வேண்டும். என்ஜின் மாற்றும் யோசனையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய பொலேரோவின் 2523 சிசி டீசல் என்ஜினுக்குக் குதிரைசக்தி கிட்டத்தட்ட அதேதான், 63, ஆனால் இழுவிசை நிமிஷத்துக்கு 1500 சுற்றிலேயே ஒன்றரை மடங்கு வந்துவிடும், டிரெய்லர் இழுப்பவனுக்கு அதுதான் தேவை. ஆனால் அந்த என்ஜின் மெதுவாகச் சுற்றும், அதனால் 5.38 ஆக்ஸிலோடு ஹைவேயில் கத்திக்கொண்டு நிற்கும், அப்புறம் ஆக்ஸிலையும் மாற்ற வேண்டும். சிலர் மேட்டில் நாலு சக்கரமும் சேர்ந்து மெதுவாக இழுக்கிற ஃபோர் வீல் லோ போட்டுக்கொள் என்கிறார்கள், தார் ரோட்டில் அதைச் செய்யாதீர்கள், முன் பின் ஆக்ஸில்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

உங்கள் பதிலில் விட்டுப்போனது ஆர்.சி. விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் கொடுத்ததற்கு மாறாகிப்போகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. அதே வருஷச் சட்டத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்திருக்கிறது. நம்முடையதெல்லாம் 15 வருஷம் தாண்டிய வண்டிகள், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தித்தான் ஆக வேண்டும், என்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே மாட்டிக்கொள்வோம்.

பிரேக் பற்றி உங்கள் பதிலில் ஒரு சொல்கூட இல்லையே, சார்? இந்த ஜீப்பில் நாலு சக்கரத்திலும் டிரம், அதற்குப் பின்னால் ஒரு டன். ஏறுவதற்குத்தான் பவர் கேட்கிறோம், ஆனால் தொப்பூரில் இறங்குகிற பக்கம்தான் ஆளைக் கொல்கிறது, டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு பிரேக் காய்ந்துபோன லாரிகளை அந்த வழியில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நான் டர்போவுக்கு வைத்திருந்த பணத்தில் லைனிங், வீல் சிலிண்டர், பிரேக் குழாய் எல்லாம் மாற்றி, டிரெய்லருக்குத் தள்ளுபிரேக்கும் (ஜீப் வேகம் குறையும்போது டிரெய்லர் முட்டித் தள்ளுகிற விசையிலேயே பிடிக்கிற பிரேக்) வைத்தேன். ஜெனரேட்டரை டிரெய்லரில் ஒரு சாண் முன்னால் நகர்த்தி, டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கிமேல் வருகிற மாதிரி வைத்ததில் பின்னால் வால் ஆட்டுவதும் நின்றது.

இந்த ஆடிக்கும் போய் வந்தேன். தொப்பூரை மூன்றாவது கியரில் 55-இல், இடது ஓரமாகவே ஏறினேன், டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டவில்லை. டர்போவுக்குக் கொடுத்த 8,000 ரூபாய் அட்வான்ஸ்தான் இன்னும் வரவில்லை, கேட்டால் கிட் ஆர்டர் போட்டாச்சு என்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஜீப்காரன்,
அல்சூர், பெங்களூரு.