பொழுது சாய்ந்தால்தான் படம்

பள்ளத்தூர்,
பங்குனி மாதம், ஞாயிறு காலை

என் செல்ல ஆத்தாவுக்கு,

அப்பச்சி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமென்று நம்புகிறேன்.

போன வாரம் போனில் பேசியபோது, காரில் உட்கார்ந்தபடியே திறந்தவெளியில் படம் பார்க்கும் அந்தக் கார் கொட்டகை ஏப்ரலில் திறந்தாலும் இந்த வருடம் போவதாக இல்லை என்றாய். வீட்டிலேயே எல்லாப் படமும் வந்துவிடுகிறது, ராத்திரி ஒரு மணி வரை எதற்குக் கண் விழிப்பது என்றாய். கொட்டகைக்காரருக்கு வயதாகிவிட்டது, இடத்தை விற்கப்போவதாகப் பேச்சு என்றும் சொன்னாய். நான் சரி என்று போனை வைத்துவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இதைப் போனில் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன். கூரையே இல்லாத இடத்தைக் கொட்டகை என்று எழுதுகிறேனே என்று நினைக்காதே. எனக்கு அதற்கு வேறு சொல் வரவில்லை.

போன ஜூனில் அமெரிக்காவுக்கு, உன் ஒஹாயோவுக்கு வந்திருந்தபோது நான்கு ஊர்கள் காட்டினாய், அருவி காட்டினாய். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி வந்த பிறகு என் மனதில் தங்கியது அந்தக் கார் கொட்டகைப் புல்வெளிதான். ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் நம் ஊரில் நாலு மணிக்கு அடிப்பது போல அடித்துக்கொண்டிருந்தது. தரை முழுவதும் வரப்பு வரப்பாக மேடு போட்டு, ஒவ்வொரு காரும் மூக்கை உயர்த்திக்கொண்டு நிற்கும்படி செய்திருந்தார்கள். மாப்பிள்ளை வண்டியைத் திருப்பி நிறுத்திப் பின்கதவைத் தூக்கினார். வாசலில் டிக்கெட் கிழித்த பையன் ஓடி வந்து, அந்தக் கதவைக் கூரை மட்டத்துக்கு இறக்கி ஒரு கயிற்றால் கட்டிவிட்டுப் போனான். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்றான். அந்தக் கயிற்றைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர்க் கொட்டகை மணல் ஞாபகம் வந்துவிட்டது. தரை டிக்கெட் எடுத்த பிள்ளைகள் நாங்கள் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவோம். பின்னால் இருக்கும் பெரியவர் ஒன்றும் பேசமாட்டார். காலால் ஒரு தட்டு தட்டுவார், மேடு சரிந்துவிடும்.

இருட்டுவதற்காக எல்லோரும் காத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. இரவு உடுப்போடு வந்த சின்னப் பிள்ளைகள் திரைக்குக் கீழே பந்து விளையாடினார்கள். நம் பேரனும் மொழி தெரியாதவன் போலக் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றுவிட்டு, பிறகு கூட்டத்தில் கலந்துவிட்டான். ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் இறங்கியது. முதலில் திரையில் ஏதோ அசைவது மட்டும் தெரிந்தது, சாயம் போன சேலை காற்றில் ஆடுவது போல. பிறகு இருட்ட இருட்ட நிறம் ஏறியது. சிவப்பு முதலில் வந்தது, நீலம் கடைசியில் வந்தது. பேரன் என் மடியில் ஏறி உட்கார்ந்து, "ஐயா, இப்போது தெரிகிறதா?" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் பொத்தானை அழுத்தினால் வரும் படத்துக்கு எந்தப் பிள்ளையும் இப்படிக் கேட்காது.

நம் கொட்டகையும் பொழுது சாய்ந்தால்தான் படம் காட்டும். பக்கவாட்டில் தட்டிதான், அதற்கு மேலே திறப்பு. வெளிச்சம் இருந்தால் துணியில் ஒன்றும் தெரியாது. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுப் போட்டதும் கண்மாய்க்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். வயலில் இருப்பவர்கள் மண்வெட்டியைக் கழுவிவிட்டு வேகமாக நடப்பார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். மாட்டை அவிழ்த்து வேலியோரம் கட்டி வைக்கோலைப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். ஒற்றைப் புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற விளக்கைப் போடுவார்கள், ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. ஒவ்வொன்றிலும் முறுக்கும் கடலைமிட்டாயும் கலர் சோடாவும் வரும். மூன்றாவது இடைவேளையில் பாதிப் பிள்ளைகள் மணலிலேயே தூங்கியிருப்போம். ஏவி.எம். ஸ்டூடியோ 1948இல் கோடம்பாக்கத்துக்குப் போவதற்கு முன் நம் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது என்று என் அப்பச்சி பெருமையாகச் சொல்வார். படம் எடுத்த ஊர் என்பதால் படம் பார்ப்பதிலும் எங்களுக்கு ஓர் உரிமை இருப்பதாக நினைத்துக்கொள்வோம்.

ஊர் திரும்பியதும் அந்தக் கார் கொட்டகையைப் பற்றித் தேடிப் படித்தேன். ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் நியூ ஜெர்சியில் தன் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டி, காரின் முன்பக்கத்தின் மேல் புரொஜெக்டரை வைத்து, திரைக்குப் பின்னால் ரேடியோவை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார். மழை பெய்தால் எப்படித் தெரியும் என்று பார்க்கத் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் காரின் மேல் திருப்பிவிட்டிருக்கிறார். நாம் பார்த்த அந்த வரப்பு மேடும் அவர் யோசனைதான், அதற்குக் காப்புரிமை வாங்கி 1933 ஜூனில் முதல் கொட்டகையைத் திறந்தார். நம் பக்கத்தில் 1905இல் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தது நினைவுக்கு வந்தது. இரண்டு தேசத்திலும் ஒரு தனி மனிதர் ஒரு துணியோடுதான் தொடங்கியிருக்கிறார்.

1950களின் கடைசியில் அமெரிக்காவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கார் கொட்டகைகள் இருந்தனவாம். இன்று சுமார் 300தான். நிலத்தின் விலை ஏறியது, வீட்டுக்கு டிவி வந்தது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் பிலிம் சுருள் நின்றுபோனபோது ஒரு டிஜிட்டல் புரொஜெக்டருக்கு 70,000 டாலர் வரை கொடுக்க வேண்டியிருந்ததால் பலர் மூடிவிட்டார்கள். டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு படக் கம்பெனிக்குப் போய்விடுமாம். கொட்டகைக்காரர் பிழைப்பது தின்பண்டக் கடையில்தான்.

அதைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று நாம் கடையில் ஒன்றும் வாங்கவில்லை. உன் ஆத்தா டப்பாவில் கொண்டுவந்த தேன்குழலையும் சீப்புச் சீடையையும் தின்றோம். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தால் தனிக் கட்டணம் என்று வாசலில் பலகை இருந்ததைப் பிறகு படத்தில் பார்த்தேன். நீ எடுத்த போட்டோவிலேயே அது இருக்கிறது, பேரனின் தலைக்குப் பின்னால். தெரியாமல் செய்ததுதான். ஆனாலும் ஒரு மனிதரின் வயிற்றில் கை வைத்தது போல இருக்கிறது.

நம் கொட்டகை போனதையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு இதுவரை சொன்னதில்லை. ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது ஆட்கள் கீற்றை உருவிக்கொண்டிருந்தார்கள். கம்பங்களை லாரியில் ஏற்றினார்கள். கடைசியாக அங்கே எப்போது டிக்கெட் எடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கு டிவி வந்திருந்தது. வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்த்துக்கொண்டிருந்தோம். கொட்டகைக்கு அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் அதை மூடச் சொல்லவில்லை. நாங்கள் போகாமல் இருந்தோம், அவ்வளவுதான். இன்று அந்த இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும்.

அதனால் கேட்கிறேன். ஏப்ரலில் திறந்ததும் போ. வருடத்துக்கு ஒரு தடவை போதாது, மாதம் ஒரு தடவையாவது போ. பலகாரம் கொண்டுபோனால் அந்தக் கட்டணத்தைக் கொடுத்துவிடு, அதற்கு மேல் கடையிலும் ஏதாவது வாங்கு. உன் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் போட்டிருக்கிறேன். அது வேறு எதற்கும் இல்லை. அவர் விற்பதென்று முடிவு செய்துவிட்டால் நம்மால் ஒன்றும் ஆகாது, தெரியும். விற்கும் நாள் வரையாவது அந்த மேடுகளில் கார் நிற்கட்டும்.

பேரனைத் திரைக்கு நேர் எதிரே உட்கார வை. முதலில் எந்த நிறம் தெரிந்தது என்று ஐயாவுக்குப் போனில் சொல்லச் சொல்.

படத்தின் சத்தம் கார் ரேடியோவில்தான் வரும் என்பதால், போன தடவை இரண்டாவது படம் முடியும்வரை ரேடியோவைப் போட்டதில் பேட்டரி இறங்கிவிட்டது. பக்கத்துக் காரில் இருந்த பெரியவர்தான் இரண்டு வண்டி பேட்டரியையும் இணைக்கும் தன் ஒயரைக் கொண்டுவந்து கொடுத்து, வண்டி கிளம்பும்வரை கூடவே நின்றார். அவர் தன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்த நாளிலிருந்து வருகிறவராம். அவரைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். மாப்பிள்ளையிடம் சொல்லி அந்தச் சிவப்பும் கறுப்புமான ஒயரை நீங்களும் ஒன்று வாங்கி வண்டியில் போட்டுவையுங்கள். அடுத்தவர் வண்டி நின்றுவிட்டால் எடுத்துக் கொடுக்கலாம்.

அன்புடன்,
அப்பச்சி