துணிக்கடைப் பெண்ணின் படம் குறித்து நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நீங்கள் உருவாக்கி அனுப்பிய ஸ்கிரீன் பிரிண்ட், அதாவது வலை வழியே மை இறக்கி அச்சிட்ட படம், கசங்காமல் வந்து சேர்ந்தது. புடவை அலமாரியில் தோளைச் சாய்த்து, உடலின் பாரம் முழுவதையும் இடது காலில் இறக்கி, வலது குதிகாலைச் செருப்பிலிருந்து சற்றே விடுவித்து நிற்கும் அந்த விற்பனைப் பெண்ணைக் கண்டதும் என் தங்கையின் நினைவு வந்தது. ஒரு ஜவுளிக்கடையில் பல ஆண்டுகள் உழைத்து, கால் நரம்புகள் சுருண்டு புடைத்த பிறகே வேலையை விட்டவள் அவள். படத்தைக் காட்டியபோது அவள் முதலில் கவனித்தது அந்தக் குதிகாலைத்தான்.

முகத்தைக் கருநீல நிழலாகவே விட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கண்ணீர் வரைந்திருந்தால் பார்ப்பவர்கள் இரக்கப்பட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டத்தில் வலையைக் கட்டி, ஒளிபட்டு இறுகிய பூச்சு அடைக்காத வலைக்கண்களின் வழியே மட்டும் மையை இழுத்து இறக்கும் இம்முறையில் தூரிகைத் தடம் விழுவதில்லை. ஆகவே கடை வெளிச்சமும் புடவைகளின் சிவப்பும் தட்டையாக, ஒரே சீராக நிற்க, அயர்ச்சி முழுவதும் அவள் உடலின் வளைவில் வந்து தங்கிவிடுகிறது. மஞ்சள் நிறம் அச்சில் சற்று விலகி விழுந்ததால் தோளோரம் தெரியும் வெள்ளைக் கீற்றைத் தயவுசெய்து திருத்தாதீர்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது மூலையில் இருக்கும் முக்காலி. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 2018இல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்றது. உங்கள் படத்திலும் இருக்கை இருக்கிறது. அதன்மேல் புடவைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன! நாற்காலி போட்டிருந்தாலும் மேற்பார்வையாளர் கண்ணெதிரே உட்காரத் துணிவு வராது என்றாள் தங்கை. சட்டத்துக்கும் கடைத்தளத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தப் பெட்டிகளை வைத்தே சொல்லிவிட்டீர்கள்.

ஒரு வேண்டுகோள். கடைப்பெயர் தாங்கிய மஞ்சள் துணிப்பைகளும் இதே முறையில்தான் அச்சாகின்றன. வாடிக்கையாளரிடம் அந்தப் பைகளை எடுத்துக் கொடுப்பவர்களும் இந்தப் பெண்களே. காட்சிக்கூடத்துக்கான தாள் படிகளோடு, இரண்டே நிறங்களில் எளிமையாக்கிப் பைத் துணியிலும் சில படிகள் எடுங்கள். துணிச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். தங்கையோடு வேலை செய்தவர்களுக்கு அவற்றைக் கொடுக்க விரும்புகிறோம். துணியில் கருநீலம் பரவாமல் நிற்குமா என்பதை மட்டும் முதலில் சோதித்துப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்