சேர்விஸ் பில்லில் எது கட்டாயம், எது விருப்பம்? திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

எங்களுக்குக் கார் விற்று, அதைப் பராமரிக்கும் பொறுப்பையும் ஏற்றிருக்கும் நிறுவனத்தின் முகாமைத்துவத்தினருக்கு,

வணக்கம். உங்கள் திருகோணமலைச் சேர்விஸ் நிலையத்தில் கார் விடுகிறவர்களில் நானும் ஒருவன். அங்கே வேலை செய்கிற தம்பிமாரின் கைத்திறனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலை முடிந்ததும் நீட்டப்படுகிற பில்லைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒயிலும் பில்டரும் மாற்றி, பிரேக் பார்த்து அனுப்பவேண்டிய சாதாரண சேர்விஸில் எஞ்சின் பிளஷ் (எஞ்சினுள் படிந்த ஒயில் கசடைக் கழுவுவது), எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டருக்குக் கிளீனர், எஞ்சினுக்குக் காற்று விடும் திரொட்டிலின் சுத்தம், ஏசி கிருமிநீக்கம் என்று ஒவ்வொன்றாக ஏறிவிடுகின்றன. காரோடு நீங்கள் தந்த கைநூலின் பராமரிப்பு அட்டவணையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "கொம்பனி செய்யச் சொல்லுது ஐயா" என்பதுதான் பதில். வொரண்டி போய்விடுமோ என்ற பயத்தில் சனம் வாய் திறக்காமல் கட்டிவிட்டுப் போகிறது. அந்தப் பயத்தில் காசு பார்ப்பது முறையா?

கைநூலில் 10,000 கிலோமீற்றர் என்றிருக்க, கண்ணாடியில் நீங்கள் ஒட்டுகிற ஸ்டிக்கரில் 5,000 என்று இருக்கிறது. வெக்கை, புழுதி, குறுந்தூர ஓட்டம் உள்ள இடங்களில் ஒயிலை முன்கூட்டியே மாற்றச் சொல்லி அதே கைநூல்களில் தனி அட்டவணை இருப்பது வழக்கம். அதுதான் காரணமென்றால் அந்தப் பக்கத்தைக் காட்டிச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வோம். சின்னக் கார்களில் வரும் 660 சீசீ எஞ்சின்கள் பலவற்றுக்குப் பில்டருடன் சேர்த்தும் மூன்று லீற்றர் ஒயில் போகாது. நான்கு லீற்றர் கானுக்குக் காசு வாங்கினால் மீதியைக் கையில் தரவேண்டும்.

இந்த ஊருக்கு உண்மையாகவே தேவையான வேலை வேறு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் நிற்கிற கார்களுக்கு அடிப்பாகத்தில் துரு பிடிக்கிறது, பிரேக் கலிப்பர் (பிரேக் பாட்டை அழுத்தும் பாகம்) நகர உதவும் பின்கள் இறுகுகின்றன. அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, துருத் தடுப்புப் பூச்சைப் பார்த்து, கலிப்பர் பின்களுக்குக் கிறீஸ் வைத்துத் தந்தால் அதற்குரிய கூலியை மனமுவந்து தருவோம். கொழும்பில் தயாரித்த பக்கேஜில் அது இல்லை; புது எஞ்சினுக்குப் பிளஷ் மட்டும் இருக்கிறது.

2022இல் ரூபா விழுந்ததும், 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானதும் எங்களுக்குத் தெரியும். உதிரிப்பாக விலைக்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல் திறக்கும்வரை, இருந்த காரையே பொத்திப் பொத்தி வைத்திருந்த மக்கள் நாங்கள். உல்லாசப் பயணிகளை ஏற்றிப் பிழைக்கிறவருக்கு அந்தக் கார்தான் வீட்டு அடுப்பு. பில் தாங்காமல் அவர் சேர்விஸையே தள்ளிப்போட்டால், நடுவழியில் ஆபத்து அவருக்கும் ஏறியிருக்கிறவர்களுக்கும்தான்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. வேலை தொடங்க முன்பே மதிப்பீட்டைத் தமிழில் எழுதித் தாருங்கள். கைநூல் சொல்வது எது, நீங்கள் பரிந்துரைப்பது எது என்று அதில் வேறாகக் காட்டுங்கள். இரண்டாவது வகைக்குக் கையொப்பம் வாங்காமல் கை வைக்காதீர்கள். கழற்றிய பாகங்களைக் காட்டுங்கள். எதைச் செய்யாவிட்டால் வொரண்டி போகும் என்பதை எழுத்தில் தாருங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. ஆனாலும் முறைப்பாட்டுக்குப் போகமுன் உங்களிடமே கேட்கிறோம். பதிலைக் கடிதமாக அனுப்பத் தேவையில்லை. கிளையின் வரவேற்பறைச் சுவரில் விலைப்பட்டியலாக ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.