பலகாரப் பட்டறை முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பட்டறைகளில் எப்படிக் கழியும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியொரு பட்டறையில் தேன்குழல் பிழிகிற என் அக்காவின் கண்கள் சென்ற வாரம் மஞ்சளாகிவிட்டன. அதனால்தான் இந்தக் கடிதம்.

பாவாடை நாடா அழுந்துகிற இடத்தில் அவளுக்குப் படர்தாமரை என்கிற பூஞ்சைத் தொற்று. எண்ணெய்ச் சட்டியின் அனலில் நனைந்த நாடா இரவு வீடு திரும்பும்வரை உலர்வதில்லை. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பு அரிப்பை நாலு நாள் அடக்கியது. பிறகு வட்டம் முதுகுவரை ஏறியது. களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாம்; அது அரிப்பை அடக்கும், பூஞ்சையைப் பரவவிடும். தோல் மருத்துவர் பூஞ்சையைக் கொல்ல இட்ராகோனசோல் மாத்திரை எழுதினார். அது சிலருக்கு ஈரலைத் தாக்கும், ஒரு மாதத்தில் ரத்தப் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று அப்போதே எச்சரித்தார். அக்கா ஒரு நாள் விடுப்புக் கேட்டாள். "சீசன் முடியட்டும்" என்றார்கள். மாத்திரையை விழுங்கிக்கொண்டே வேலைக்குப் போனாள்.

உறக்கமும் ஓய்வும் இல்லாமல் மாதக்கணக்கில் பதற்றத்திலேயே இருக்கும் உடம்பில் கார்டிசால் என்கிற பதற்ற ஹார்மோன் ஓயாமல் சுரக்கிறது. பூஞ்சையோடு போராட வேண்டிய வெள்ளணுக்கள் அதனால் மந்தமாகின்றன. ரத்தச் சர்க்கரை ஏறுகிறது, ஈரலில் கொழுப்பு படிகிறது. நோய் நீள்கிறது, அதற்கான மருந்தும் நீள்கிறது, இரண்டின் சுமையும் ஏற்கெனவே களைத்த ஈரலின்மீதே விழுகிறது. மனக்கவலை வேறு, தோல் வியாதி வேறு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

வாரத்தில் ஒரு நாள், கூலியோடு விடுமுறை தாருங்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வார ஓய்வைப் பற்றிப் பேசியது. பெட்டியின்மேல் 'கைப்பக்குவம்' என்று அச்சடிக்கிறீர்கள். அந்தக் கைகள் இரவு இரண்டு மணிக்கு இடுப்பைச் சொறிந்தபடி விழித்திருக்கின்றன. குழுக் கடன் தவணைக்காக அந்தப் பெண்கள் எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கடன், கூலி, பஸ் என்று எங்கள் ஊர்ப் பெண்களின் பாடு சொல்லி மாளாது. அவ்வளவையும் உங்கள் தலையில் ஏற்ற நான் வரவில்லை. நான் கேட்பது அந்த ஒரு நாள் மட்டுமே. சீசனிலும் அது வேண்டும். சீசனில்தான் முக்கியமாக வேண்டும்.

மருத்துவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். வரும் திங்கட்கிழமை அக்காவுக்கு மறுபடியும் ஈரல் பரிசோதனை. அன்றைய கூலியைப் பிடிக்காமல் அவளை அனுப்பிவைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேன்குழல் பிழிகிறவளின் தங்கை